மூன்று கயிறும் காற்றோடு

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த படுக்கை விரிப்புகள் மூன்றும் ஹெட்லி நான்காரோ தன் துணிக்கடையிலிருந்து கொடுத்தவை. கொடுத்ததில் அவருக்கு வருத்தமில்லை. அவற்றைக் காட்டி ஒரு பெண்மணி ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு தப்பும் தவறுமாகப் பேசுவதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பேசிக்கொண்டிருந்தவர் மிஸ் செனோவெத். அந்தப் பக்கத்து மதுவிலக்குச் சங்கங்களுக்கெல்லாம் மேலதிகாரி. கார்ன்வால் கடற்கரை ஊரான போர்த்சென்னக்கில் சங்கத்தின் ஆண்டு விழாவுக்காக ட்ரூரோவிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தார்.

"நல்லாக் குடிச்சவனை நம்ம மாலுமிங்க எப்படிச் சொல்லுவாங்க? 'மூணு ஷீட்டும் காத்தோட'ன்னு சொல்லுவாங்க. இதோ பாருங்க" என்று பின்னால் கை காட்டினார். துறைமுகத்துக் காற்றில் விரிப்புகள் மூன்றும் படபடவென்று அடித்துக்கொண்டன. "ஷீட்டுன்னா கப்பலோட பாய். மூணு பாயும் பிச்சுக்கிட்டுப் போயிட்டா அந்தக் கப்பல் கதி என்ன? அதேதான் குடிகாரன் குடும்பத்துக் கதியும்."

கூட்டம் உருகியது. ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். ஹெட்லி எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும். ஷீட்டுன்னா பாய் இல்லீங்க. கயிறு."

அவர் பக்கத்தில் இருந்த மனைவி லவ்டே, கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். உட்காருகிற ஜாதி இல்லை அவர்.

ஹெட்லியின் கதை இப்படி. கடலோரத்தில் பிறந்து, கடலைப் பார்த்த ஜன்னலுக்குள் ரிப்பன் அளந்தே தலை நரைத்தவர். கணுக்காலுக்கு மேல் உப்புத் தண்ணீர் பட்டதில்லை. நாக்கில் ஒரு சொட்டு சாராயம் பட்டதில்லை. கிறிஸ்துமஸ் புட்டிங்கில் பிராந்தி வாசனை வந்ததென்று சொந்த மைத்துனன் வீட்டுப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போனவர். இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, மதுவிலக்குச் சங்கத்தின் தலைவராக வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் நின்றார். ஒவ்வொரு தேர்தலிலும் தோற்றார். அவருடைய ஓட்டைத் தவிர அவருக்கு வேறு ஓட்டு விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. சவப்பெட்டி செய்கிற வேர்ன் கூட ஒரு தடவை தலைவராக இருந்துவிட்டுப் போனார்.

ஏன் நம்மை ஒதுக்குகிறார்கள் என்று ஹெட்லி நாள்கணக்கில் யோசித்தார். யோசித்து, தனக்குப் படிப்பு போதாது என்று ஒரு முடிவுக்கு வந்தார். உடனே பழைய புத்தகக் கடையில் கப்பல்காரர் அகராதி ஒன்றை வாங்கி வந்து, அட்டை முதல் அட்டை வரை விழுங்கினார். அன்றோடு ஊருக்கு நிம்மதி போயிற்று. கடற்கரை ஊர், பேச்சில் கப்பல் வாடை அடிக்கத்தானே செய்யும்? எவனாவது வாய்தவறி ஒரு கப்பல் வழக்கைச் சொல்லிவிட்டால் போதும், அது எந்தக் கயிற்றிலிருந்து வந்தது, எந்தக் கட்டையிலிருந்து வந்தது என்று ஹெட்லி ஆரம்பித்துவிடுவார். அரை கஜம் லேஸ் வாங்க வந்த பெண்கள் அடுப்பில் வைத்தது தீயும்வரை நின்று கேட்டார்கள். பிறகு பக்கத்து ஊர்க் கடைக்குப் போனார்கள். அறிவு வளர்ந்தால் மரியாதை வளரும் என்று ஹெட்லி நினைத்தார். வளர்ந்தது என்னவோ எதிர்ச்சாரியில் நடந்து போகிறவர்களின் கூட்டம்.

அந்த வசந்த காலத்தில்தான் பழைய தலைவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தார். விழா முடிந்ததும் கமிட்டி கூடி, மிஸ் செனோவெத் முன்னிலையில் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. ஆகவே வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டிய நாள் வருஷத்தில் ஒன்று உண்டென்றால் அது அன்றுதான்.

"மிஸ்டர் நான்காரோ" என்றார் மிஸ் செனோவெத். "இந்தப் பேச்சை நான் இந்த மாவட்டம் பூராவும் பேசியிருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தரும் எந்திரிச்சு நின்னு கயிறு திரிச்சதில்லை."

கூட்டம் சிரித்தது. பித்தளை வாத்தியக்காரர்களில் ஒருவன் தன் குழலில் ஒரு அபஸ்வரத்தை ஊதிக் காட்டினான்.

ஹெட்லி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து விளக்கினார். பாயின் கீழ் மூலையைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறதே ஒரு கயிறு, நம் தமிழ்நாட்டுக் கடலோடிகள் தாமான் என்கிறார்களே, அந்தக் கயிற்றுக்குத்தான் கப்பல்காரன் பாஷையில் ஷீட் என்று பெயர். கயிறு பிடியை விட்டால் பாய் காற்றைப் பிடிக்காமல் சும்மா அடித்துக்கொள்ளும். ஒன்று போனால் கப்பல் லேசாகத் தடுமாறும். மூன்றும் போனால் சாராயக் கடையிலிருந்து வீட்டுக்குப் போகிறவனைப் போல அங்கேயும் இங்கேயும் சாயும். வழக்கு வந்தது அப்படித்தான். படுக்கை விரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"பாய் போனா என்ன, கயிறு போனா என்ன, பாவம் பாவந்தானே" என்றார் மிஸ் செனோவெத்.

தப்பித்துக்கொள்ள அது ஒரு அருமையான வாசல். ஹெட்லி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எல்லாரும் ஆளுக்கொரு குங்குமப்பூ பன்னைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவரோ, அந்த அம்மாள் மனசில் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டாக வேண்டும் என்று நினைத்தார்.

"வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. கண்ணுக்கு முன்னால காட்டிடறேன்" என்றார்.

படித்துறையில் ஜோரி ட்ரெம்பத்தின் மீன்படகு கட்டியிருந்தது. மூன்று பாய் கொண்ட பழைய படகு. ஜோரிக்கும் மதுவிலக்குக்கும் எட்டாத தூரம். பன் இலவசம் என்பதால் வந்து, தட்டளவு பன்னைத் தின்றுகொண்டிருந்தான். ஹெட்லி விஷயத்தைச் சொன்னதும் வானத்தைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், ஹெட்லியின் கறுப்பு சூட்டையும் தொப்பியையும் பார்த்தான்.

"காத்து ஏறிக்கிட்டிருக்கு ராசா. மூணையும் ஒண்ணா அவுத்தா படகு நம்ம பேச்சைக் கேக்காது."

"அது எனக்குத் தெரியும். புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகம் நனைஞ்சா காயப் போட்டுக்கலாம்" என்றான் ஜோரி. ஆனாலும் பன்னை வாய்க்குள் தள்ளிக்கொண்டு எழுந்தான். ஊரே ஒதுங்கிப் போகிற ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் வாய்ப்பை அவன் விடுவானா?

மிஸ் செனோவெத் கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கமிட்டி அவருக்குப் பின்னால் நின்றது. அவர்கள் முகத்தில் கருணை இல்லை. நல்ல பொழுதுபோக்கு கிடைத்துவிட்ட திருப்தி மட்டும் இருந்தது.

துறைமுகத்தின் நடுவில் போனதும் ஹெட்லி எழுந்து நின்றார். முதல் கயிற்றை அவிழ்த்தார். பின்பாய் படபடத்தது. "இது ஒண்ணு" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். எதிர்க்காற்று. அவர் சொன்னது ஒருத்தருக்கும் கேட்கவில்லை. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு, கறுப்பு சூட்டுப் போட்ட ஒரு மனுஷர் படகில் நின்று வானத்தோடு சண்டை போடுவது மட்டும் தெரிந்தது.

இரண்டாவது கயிற்றை அவிழ்த்தபோது தொப்பி பறந்தது. ஜோரி சுக்கானைப் பிடித்துக்கொண்டு, இதுவே போதும், கண் உள்ளவனுக்கு இதிலேயே புரியும் என்றான். வழக்கில் மூன்று என்றுதான் இருக்கிறது, இரண்டோடு நிறுத்தினால் அது அரைகுறை விளக்கம் ஆகிவிடும் என்று ஹெட்லி சொன்னார். மூன்றையும் அவிழ்த்தார்.

அகராதி எழுதியவர் பொய் சொல்லவில்லை. படகு நின்றது, திரும்பியது, பக்கவாட்டில் சாய்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது. குடிகாரன் இதைவிடத் தத்ரூபமாக ஆடமாட்டான். ஹெட்லியின் முகத்தில் அப்படியொரு ஆனந்தம். இரண்டு கைகளையும் விரித்து, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றார். அந்தச் சமயம் பார்த்து முன்பாயின் ஈர முடிச்சு சுழன்று வந்து அவர் வாயிலேயே அடித்தது. மேல்வரிசைப் பல் செட்டு கழன்று கடலுக்குள் போனது. அதை எட்டிப் பிடிக்கக் குனிந்தார். படகு போய்த் துறைமுக அதிகாரியின் படகில் முட்டியது. நேற்றுதான் பச்சைப் பெயின்ட் அடித்து, காயட்டும் என்று நங்கூரம் போட்டு விட்டிருந்த படகு அது. முட்டிய வேகத்தில் ஹெட்லியும் பல் போன வழியே போனார்.

ஜோரி அவரைக் கொக்கிக் கழியால் கோட்டுக் காலரில் மாட்டி இழுத்தான். சாதாரணமாகச் சுறாவைத்தான் அப்படி இழுப்பான்.

கரையேற்றியபோது ஹெட்லியின் உதடு நீலம் பாரித்திருந்தது, கன்னத்தில் பச்சைப் பெயின்ட். எங்கேயாவது கணப்பு இருக்கிற இடமாகக் கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் கணப்பு எரிந்தது ஒரே இடத்தில்தான். அது சைலஸின் மதுக்கடை. சங்கத்தார் எந்தக் கடையைப் பார்த்து வருஷா வருஷம் ஜெபம் பண்ணுவார்களோ அதே கடை. ஹெட்லி வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டினார். பல் இல்லாத வாயிலிருந்து என்ன வந்ததென்று ஒருவருக்கும் புரியவில்லை. ஜோரி அவரைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சைலஸ் நல்லவன். "சாகப் போற மனுஷனுக்குச் சங்கத்து விதி கிடையாது ராசா" என்று சொல்லி, அரை டம்ளர் பிராந்தியை அவர் வாயில் கவிழ்த்தான். பல்லைக் கடித்துத் தடுக்கலாமென்றால் பல் இல்லை. ஹெட்லி அவ்வளவையும் வெளியே துப்பினார். ஒரு சொட்டு கூடத் தொண்டைக்குள் இறங்கவில்லை. இறங்க வேண்டியதெல்லாம் சட்டையில் இறங்கியது. ஈரக் கோட்டைக் கழற்றிவிட்டு சைலஸ் தன் கோட்டைப் போட்டுவிட்டான். அந்தக் கோட்டுக்குத் தண்ணீர் காட்டி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதில் ஊறியிருந்த பீரைப் பிழிந்தால் ஒரு குடும்பம் விருந்து கொண்டாடலாம். வாசனையை மறைக்க சைலஸின் மனைவி அன்பாக ஒரு பொட்டலம் பெப்பர்மின்ட் கொடுத்தாள். கார்ன்வாலில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆண்பிள்ளை எவனும் சப்புகிற வஸ்து அதுதான் என்று ஹெட்லிக்குத் தெரியாது. மூன்றைச் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

இப்படியாக, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மதுக்கடை வாசலிலிருந்து ஹெட்லி நான்காரோ வெளியே வந்தார். எதிரே சங்கம் முழுவதும் நின்றது. வாத்தியம் நின்றது. காதுக்குள் புகுந்த தண்ணீரால் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிய, அதைச் சரிக்கட்டி நடந்து மிஸ் செனோவெத்தின் முன்னால் போய் நின்றார். நீண்ட விளக்கமாகச் சொன்னால் வாய் ஒத்துழைக்காது, சுருக்கமாகச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தார்.

"மூஷு ஷீட்டும் காத்தோட, மேடம்" என்றார். "எனக்கு இப்பத்தான் முழுஷாப் புரிஞ்ஷது."

மிஸ் செனோவெத் ஒரு அடி பின்னால் போனார். "அதான் இங்க வரைக்கும் அடிக்குதே" என்றார்.

"குடிக்கலை, மேடம். அவுத்தேன்."

இது நிலைமையைத் தெளிவுபடுத்தவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள்.

கான்ஸ்டபிள் ரண்டில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். பொது இடத்தில் குடித்துவிட்டு நிற்கிறவரை என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தாக வேண்டும், ஆனால் தெரிந்த மனுஷர், ஒரு சந்தர்ப்பம் கொடுக்கலாம் என்றார். சுண்ணாம்புக் கட்டியால் கல் தரையில் மேடை வரைக்கும் ஒரு கோடு போட்டார். அதன்மேல் நேராக நடந்து காட்டினால் விட்டுவிடுவாராம்.

லவ்டே கணவனின் காதருகே வந்தாள். "ஒரு வார்த்தை பேசாம நடங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

ஹெட்லி கோட்டில் கால் வைத்தார். மேடைக்குப் பக்கத்தில் வரும்வரை நன்றாகவே நடந்தார். ரண்டில் கூட நோட்டம் பார்த்துத் தலையாட்டினார். அப்போது ஹெட்லிக்கு ஒரு ஞாபகம் வந்துவிட்டது. விதிக்கு அடங்கி நடப்பதை இங்கிலீஷில் 'கோட்டில் கால் வைப்பது' என்பார்கள், அதுவும் ஒரு கப்பல் வழக்கு. மேல்தளத்துப் பலகைகளுக்கு நடுவில் உள்ள இணைப்புக் கோட்டில் கால் விரல் படும்படி மாலுமிகளை வரிசையாக நிறுத்துவார்கள். எவ்வளவு பொருத்தம். மனுஷரால் அடக்க முடியவில்லை. ரண்டில் பக்கம் திரும்பி, "இந்தக் கோடு எங்கேருந்து வந்ததுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். திரும்பிய தலையோடு உலகமும் திரும்பியது. விழாமலிருக்கக் கைக்கு எட்டியதைப் பற்றினார். எட்டியது விரிப்பு.

மூன்று விரிப்புகளையும் கட்டியிருந்த கயிறு அறுந்தது. ஒன்று பறந்து வந்து மிஸ் செனோவெத்தைத் தொப்பியோடு சேர்த்து மூடியது. அவரை அதற்குள்ளிருந்து உரித்தெடுத்ததும் அதுவும் மற்ற இரண்டின் பின்னால் கிளம்பியது. மூன்றும் துறைமுகத்துக்கு மேலே வெள்ளை வெளேரென்று பறந்து போயின. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மிஸ் செனோவெத்தின் விளக்கப்படியும் சரி, ஹெட்லியின் விளக்கப்படியும் சரி, அவர் நிலைமையில் இனிமேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஜோரி ஒரு பக்கமும் லவ்டே ஒரு பக்கமும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். போகிற வழியெல்லாம் ஜன்னல் திரைகள் விலகின.

லவ்டே வெந்நீர் போட்டுக் கொடுத்தாள், உலர்ந்த சட்டை கொடுத்தாள், எதிரில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஹெட்லிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"கயிறுன்னு தெரிஞ்சுது. சரி. தெரிஞ்சதை வச்சுக்கிட்டு நீங்க என்ன சாதிச்சீங்க?"

"உண்மைன்னு ஒண்ணு இருக்கில்ல, லவ்டே."

"இருக்கு. இப்ப ஊரே பேசிக்கிட்டிருக்கு. நீங்க குடிகாரன்கிறதுதான் அந்த உண்மை."

ஹெட்லி கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷரை எவ்வளவு ஏளனம் செய்தாலும், அந்த நேரத்து முகத்தைப் பார்த்து எவருக்கும் சிரிப்பு வந்திராது. தலைவர் பதவியை விடுங்கள். குடிக்காதவன் என்கிற ஒரே ஒரு பெருமைதான் அவரிடம் இருந்தது. வேறு சொத்து, அழகு, சாமர்த்தியம் எதுவும் கிடையாது. அதுவும் பல் செட்டோடு கடலுக்குள் போய்விட்டது. கடையை விற்றுவிட்டு காம்போர்னில் இருக்கும் தம்பி வீட்டோடு போய்விடலாம், அங்கே கடலும் இல்லை, கயிறும் இல்லை என்றார். லவ்டே பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க மாடிக்குப் போனாள். அவளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கதவைத் தட்டினார்கள். சவப்பெட்டி வேர்ன் நின்றார். கமிட்டி அனுப்பிய ஆள். சங்கத்திலிருந்து நீக்கிவிட்டோம் என்று சொல்லத்தான் வந்திருப்பார், துக்கச் செய்தி சொல்ல அவரைவிடப் பொருத்தமான முகம் ஊரில் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஹெட்லி வழிவிட்டார்.

வேர்ன் உள்ளே வந்தார், தொப்பியைக் கழற்றினார், ஹெட்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை.

"தலைவரே" என்றார்.

ஹெட்லிக்குக் காதில் இன்னும் தண்ணீர் இருப்பதாகத் தோன்றியது.

வேர்ன் விவரம் சொன்னார். கமிட்டி கூடி உட்கார்ந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வேறு பேரே வரவில்லை. ஒருத்தர் பாக்கியில்லாமல் ஹெட்லிக்குத்தான் ஓட்டு. முதலில் கையைத் தூக்கியவர் மிஸ் செனோவெத். பதவியேற்பு வரும் வெள்ளிக்கிழமை, ஆலயத்துப் பின்னறையில், உறுப்பினர் மட்டும்.

ஹெட்லியின் கண் கலங்கியது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. மன்னிப்பு. வழி தவறியவனைக் கைதூக்கி விடுகிற பெரிய மனசு. இவர்களைப் போய்ச் சின்ன புத்திக்காரர்கள் என்று இத்தனை காலமும் நினைத்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் இப்படிப்பட்டவர்கள் முன்னால் பொய்யான பட்டத்தோடு போய் உட்கார அவர் மனசு இடம் கொடுக்கவில்லை. வேர்னின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, முடிந்தவரை தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தான் குடிக்கவில்லை. இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே குடித்ததில்லை. சைலஸைக் கேட்கலாம், ஜோரியைக் கேட்கலாம். வெள்ளிக்கிழமை பதவியேற்பில் பைபிளின் மேல் கை வைத்து இதை எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறார்.

வேர்ன் கையை மெல்ல உருவிக்கொண்டார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன் ஹெட்லி, அதை மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். "இத்தனை வருஷமா நாங்க ஒருத்தரும் உங்களுக்கு ஓட்டுப் போடாததுக்கு ஒரே காரணம், நீங்க குடிக்கவே மாட்டீங்களோங்கிற பயந்தான்."